ஓரம் கட்டாத குளம்

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையின் சுவர் ஒன்பதாவது தடவை வெள்ளை அடித்த பிறகும் பச்சையானது. ஒன்பது தடவையும் ஒரே மாதிரிதான் நடந்தது. பெயிண்டர் காலையில் அடித்து முடிப்பார். ஈரம் இருக்கும் வரை சுவர் சமர்த்தாக இருக்கும். நான்கு மணி நேரம் கழித்து, கடைசி ஈரமும் போய் பெயிண்ட் தன் சொந்த வெள்ளைக்கு வந்து சேர்ந்ததும், கண்ணை மூடித் திறப்பதற்குள் முழுச் சுவரும் பச்சையாகிவிடும். திட்டுத் திட்டாக இல்லை, கீழிருந்து மேலாக இல்லை, ஒரேயடியாக. வாத்து நீந்தினால் பொருத்தமாக இருக்கும், அப்படி ஒரு குளத்துப் பச்சை.

பெயிண்டருக்குத் தெரியாத சுவர் வியாதி கிடையாது. முதல் தடவை ஈரக்கசிவு என்று சொல்லிப் பின்பக்கக் குழாயை மாற்றச் சொன்னார். இரண்டாவது தடவை பாசி என்று மருந்து தெளித்தார். மூன்றாவது தடவை டப்பாவைச் சந்தேகப்பட்டுக் கடையை மாற்றினார். நான்காவதற்குத் தண்ணீரை மாற்றினார். ஐந்தாவதற்குச் சுவரைச் செங்கல் தெரியச் சுரண்டி, பூசி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டியதுபோல் துடைத்து அடித்தார். ஆறிலிருந்து எட்டு வரை என்ன செய்தார் என்று அவருக்கே சரியாக நினைவில்லை. சாமி கும்பிட்டதும் அதில் அடக்கம். ஒன்பதாவது தடவை சுவருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது மாறுவதை நேரில் பார்த்தார். பார்த்ததில் ஒன்று அவர் மனசைச் சுட்டது. அந்தப் பச்சையில் ரோலர் தடம் ஒன்றுகூட இல்லை. மூலையில் பிரஷ் திரும்பிய அடையாளம் இல்லை. பத்தொன்பது வருஷமாக அவர் அடிக்க நினைத்து அடிக்க முடியாமல் போன வேலை அது.

அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவர் சம்பாதித்தது ஒரே ஒரு பேர். அவர் அடித்த சுவரை, வேலை சரியில்லை என்று மறுபடி அடிக்க யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. இப்போது ஒரே சுவருக்கு ஒன்பது தடவை. மீந்துபோன டப்பாக்களைக் கலந்து அடிக்கிறார் என்று ஒருவர் சொன்னார். கண் மங்கிவிட்டது என்றார் இன்னொருவர். பேசி முடித்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெயிண்டர்கள் மத்தியில் 'ஓரம் கட்டுவது' என்று ஒரு வேலை உண்டு. ரோலரைத் தொடுவதற்கு முன்னால், கூரை சேரும் இடத்திலும் ஜன்னலைச் சுற்றியும் ஸ்விட்சைச் சுற்றியும் இரண்டு அங்குல பிரஷ்ஷால் ஒரு கை அகலத்துக்குக் கோடு இழுத்துக்கொள்வார்கள். நடுவில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஓரத்தில்தான் தொழில் இருக்கிறது. மற்றவர்கள் அதே வார்த்தையை ஒரு மனிதனை ஒதுக்கித் தள்ளுவதற்குச் சொல்கிறார்கள். ஊரிலேயே நன்றாக ஓரம் கட்டுகிறவரை இப்போது ஊரே ஓரங்கட்டியது.

"என்ன பெயிண்டரே, மறுபடியும் பல்லிளிக்குதே உங்க சுவரு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நான் வெள்ளைதாம்மா அடிச்சேன்."

"பச்சைப் பொய் சொல்லாதீங்க."

"பொய் இல்லம்மா. சுவருதான் பச்சை."

டாக்டரம்மா கெட்டவர் அல்ல. ஆனால் பல் பார்க்கும் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதம். சந்தன நிறம் அடித்துப் பார்க்கட்டுமா என்று பெயிண்டர் கேட்டதற்கு, "பல் டாக்டர் சுவர் மஞ்சளா இருந்தா உள்ள வர்றவன் வாயைத் திறப்பானா?" என்று கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகவும், அதற்குள் சுவர் வெள்ளையாக நிற்காவிட்டால் வேறு ஆளை வைத்து அடித்துக்கொண்டு, ஏன் ஆளை மாற்றினேன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லப்போவதாகவும் சொன்னார். அவரிடம் ஊரே வாய் திறந்து உட்காருகிறது. அவர் சொன்னால் யாரும் குறுக்கே பேச முடியாது.

இதற்குள் விஷயம் சுவரோடு நிற்கவில்லை. திங்கட்கிழமை டாக்டரம்மா சுவரில் சாய்ந்து போன் பேசினார். அவருடைய வெள்ளைக் கோட்டு பச்சையானது. அன்று அந்த அறையிலேயே ஒரு தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்தபடியே, வெள்ளைக் கையுறையோடு ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பார்த்தார். சுவரிலிருந்து கோட்டுக்கு, கோட்டிலிருந்து கையுறைக்கு, கையுறையிலிருந்து பல்லுக்கு என்று பச்சை போய்ச் சேர்ந்து, அந்த நோயாளிக்கு முப்பத்திரண்டும் பச்சையாயின. வலி போய்விட்டதா என்று டாக்டரம்மா கேட்டார். போய்விட்டது என்று அவர் சிரித்தார். சிரித்திருக்க வேண்டாம். அந்த வாரத்தில் அப்படி ஏழு பேர். காத்திருந்தபோது தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிய ரிட்டயர்டு வாத்தியாருக்குப் பல் தப்பியது, வெள்ளைத் தாடி தப்பவில்லை.

புதன்கிழமை மதியம் பெயிண்டர் சாப்பிடவே மறந்துபோனதால், அவர் மனைவி சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். அவர் அதே கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், போனில் விளையாடும் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு ஸ்டுடியோவில் வண்ணம் போடுகிறவர். அவரும் பெயிண்ட் அடிக்கிறவர்தான், கையில் ஒட்டாது, அவ்வளவே வித்தியாசம். தினமும் லிப்டில் போய் லிப்டில் வருவதால் அந்த அம்மா இதற்கு முன் கிளினிக்கை எட்டிப் பார்த்ததில்லை. வாசலில் நின்று சுவரைப் பார்த்தார்.

"என்னங்க, இது என் பச்சை."

"உன் பச்சையா? அதுல பேரா எழுதியிருக்கு?"

"பேர் இல்ல, நம்பர் இருக்கு. எங்க விளையாட்டுல வர்ற வாத்துக் குளத்துக்கு நான் போட்ட நம்பர். ஒரு கோடி கலர்ல இதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன்."

"கண்ணைக் கட்டிவிட்டா எப்படிம்மா கண்டுபிடிப்ப?"

"முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் மேல வாங்க."

மேலே போனதும் விஷயம் புரிந்தது. ஸ்டுடியோவின் சுவர்களும் பச்சையாகத்தான் இருந்தன. அங்கே திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எப்போதும் விளக்கை அணைத்து வைத்திருப்பார்கள். சுவரில் தெரிவது திரையின் வெளிச்சம் என்று மனைவி நினைத்திருந்தார். ஸ்டுடியோவை நடத்தும் இளைஞர், எல்லாரும் முதலாளித் தம்பி என்று கூப்பிடுகிறவர், ஆசைப்பட்டு அடித்தது என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். மனைவி வேலை செய்யும் இடமாயிற்றே என்று பெயிண்டர் அண்ணன் சும்மா அடித்துக் கொடுத்திருக்கிறார் என்று முதலாளித் தம்பி நினைத்து, நன்றி சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே நிரப்பும் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கணினியில் வண்ணம் போடுகிறவர்களிடம் பிரஷ் உண்டு. பிரஷ்ஷைத் தவிர ஒரு வாளியும் உண்டு. ஒரு குளத்தைக் கோடாக வரைந்துவிட்டு, வாளியை எடுத்துக் குளத்துக்குள் ஓர் இடத்தில் தொட்டால் போதும். தொட்ட புள்ளி பச்சையாகும். அது தன் பக்கத்தில் இருக்கும் புள்ளிகளைப் பார்த்து, நான் முன்னால் இருந்த மாதிரி நீயும் வெள்ளையா என்று கேட்கும். ஆமாம் என்று சொல்லும் புள்ளியெல்லாம் பச்சையாகி, தன் பக்கத்து வீட்டைக் கேட்கும். வதந்தி பரவுவதும் இப்படித்தான். கரைக்கோடு வந்து, இல்லை, நான் கறுப்பு என்று சொன்னால் அந்தத் திசையில் கேள்வி நின்றுவிடும். கரையில் ஒரே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் பச்சை அந்த வழியாக வெளியே வந்துவிடும். எவ்வளவு வெள்ளையாக இருந்தால் வெள்ளை என்று ஒத்துக்கொள்வது என்பதற்கும் ஓர் அளவு வைக்கலாம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முதலாளித் தம்பி அதைத் தாராளமாக வைக்கச் சொல்லியிருந்தார். அதனால்தான் பல் தப்பவில்லை. யாருடைய பல்லும் முழு வெள்ளை கிடையாது.

மனைவி வரைந்தது நடுவில் ஒரு வாத்துத் தீவும் சுற்றிலும் தண்ணீரும். தண்ணீர் படத்தின் நான்கு ஓரங்களையும் தொட்டது. ஓரத்தில் அவர் கோடு போடவில்லை. அந்தத் தொழிலில் யாரும் போடுவதில்லை. படம் முடிகிற இடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது என்பது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. ஆனால் முதலாளித் தம்பி புதுத் திரையைச் சட்டமே இல்லாமல் சுவருக்குள் பதித்திருந்தார். கண்ணாடி முடிந்த இடத்தில் சுவர் ஆரம்பித்தது. அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தவர் பெயிண்டர். போன மாதம் மொட்டை மாடியிலிருந்து கீழ்ப்படி வரை முழுக் கட்டிடத்தையும் எங்கேயும் ஒட்டுத் தெரியாமல் ஒரே வெள்ளையாக அடித்துக் கொடுத்து, அதைப் பத்துப் பேரிடம் சொல்லியும் இருந்தார். திரையின் ஓரத்துப் புள்ளி வழக்கம்போல் பக்கத்தில் கேட்டது. சுவர் ஆமாம் என்றது. லிப்ட் வந்த பிறகு யாரும் ஏறாத மாடிப்படி ஆமாம் என்றது. கிளினிக் ஆமாம் என்றது. ஒவ்வொரு தடவையும் பெயிண்டர் புதிதாக ஓர் ஆமாமை அடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

திரையின் கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம், 'நிரப்பிக்கொண்டிருக்கிறது, காத்திருக்கவும்' என்று பதினாறு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு சதவீதம் முடிந்திருந்தது. அப்படிப்பட்ட கட்டங்களை யாரும் படிப்பதில்லை.

"இது எப்ப முடியும் தம்பி?" என்றார் பெயிண்டர்.

"வெள்ளை தீர்ந்ததும் முடிஞ்சிரும் அண்ணே."

"எந்த வெள்ளை?"

முதலாளித் தம்பி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "உலகத்துல இருக்கிறது."

ரத்து செய்யும் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால், 'இதுவரை செய்த அனைத்தையும் இழக்க நேரிடும், சரியா?' என்று கேட்டது. முன்பென்றால் யோசிக்காமல் சரி என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் சுவரையும் தாடியையும் பார்த்த பிறகு, 'இதுவரை செய்த அனைத்தும்' எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. விவரம் கேள்விப்பட்டு மேலே ஓடிவந்த டாக்டரம்மா பொத்தானுக்கு முன்னால் கையை நீட்டி நின்றுகொண்டார். "நான் பதினோரு வருஷம் படிச்சிருக்கேன். கை வெச்சீங்க, நடக்கிறதே வேற." மின்சாரத்தை நிறுத்தினாலும் அதே கதை ஆகலாம் என்று முதலாளித் தம்பி பயந்தார், அவருக்குப் போன வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

பெயிண்டர் திரையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஓரம் கட்டாமலா உள்ள ஊத்தின?"

"எங்க தொழில்ல ஓரம் தானா நிக்கும்ங்க."

"எந்தத் தொழில்லயும் ஓரம் தானா நிக்காதும்மா."

அன்று சாயங்காலமே கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு பக்கமும் விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் கோடு இழுத்தார். அடிமட்டம் வைத்ததுபோல் இருந்தது கோடு. வியாழன் காலை அது காய்ந்ததும், பக்கத்தில் உள்ளங்கை அளவு வெள்ளை அடித்துப் பார்த்தார்கள். பச்சையானது. கோட்டின் மேல் இன்னொரு கோட்டை இழுத்தார். மதியம் மறுபடி வெள்ளை, மறுபடி பச்சை. கோட்டில் எங்கேயோ ஓட்டை இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. பச்சை வருகிற வழியைப் பார்க்கலாம் என்றால், அது கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடுகிறது. சுற்றிலும் மறைப்பு டேப் ஒட்டிவிடலாமே என்றார் முதலாளித் தம்பி. ஒட்டியும் பார்த்தார்கள். திரைச் சூட்டில் இரண்டு மணி நேரத்தில் பசை இளகி டேப் தொங்கியது. "டேப் ஒட்டிட்டுப் போறது வேலை இல்ல தம்பி, சமாளிப்பு" என்றார் பெயிண்டர். அதோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது தடவை தோற்றபோது இல்லாத களைப்பு அவர் முகத்தில் இருந்தது, ஏனென்றால் இந்தத் தடவை தோற்றது ஓரம்.

இந்த இடத்தில் மனைவி எழுந்தார். படத்துக்குள் ஓட்டை தேடுவது அவருக்குத் தினசரி வேலை. முழுக் கரையையும் உற்றுப் பார்த்துக் கண் கெட்டவர்கள் உண்டு. அவர் பார்ப்பதில்லை, பாதியாக்குவார். திரையின் சுற்றளவை அளந்தார்கள்: நாற்பது அங்குலம் நீளம், இருபத்துநாலு அங்குலம் உயரம், சுற்றினால் நூற்று இருபத்தெட்டு. கோட்டில் ஒரு பாதியை, அறுபத்துநாலு அங்குலத்தை, டேப்பால் மூடினார். பக்கத்தில் வெள்ளை அடித்து, டாக்டரம்மாவின் கைப்பையில் இருந்த தலைமுடி காயவைக்கும் டிரையரைப் பிடித்துப் பத்தே நிமிஷத்தில் காயவைத்தார்கள். டேப் சூட்டில் விடுவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது, அது போதும். வெள்ளை வெள்ளையாகவே நின்றது. அப்படியென்றால் ஓட்டை டேப்புக்கு அடியில். இப்போது அந்த டேப்பில் பாதியை உரித்து, மறுபடி வெள்ளை. பச்சையானது, அப்படியென்றால் உரித்த பாதியில். ஒவ்வொரு தடவையும் தேட வேண்டிய தூரம் பாதியாகிக்கொண்டே வந்தது. அறுபத்துநாலு, முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு, நாலு, இரண்டு. ஏழாவது தடவை ஓட்டை இருக்கும் இடம் ஒரே ஓர் அங்குலமாகச் சுருங்கியது. ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதலாளித் தம்பி கை தட்டினார். அவருடைய சுவரில் ஏழு திட்டுகள் பச்சையும் வெள்ளையுமாக நின்றன.

அந்த ஓர் அங்குலம் வலது பக்கத்தில், கீழே இருந்தது. பெயிண்டர் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கோடு முழுசாக இருந்தது. டாக்டரம்மா அவரை நகரச் சொன்னார். போட்டிருந்த கோட்டின் பையிலிருந்து, பல்லின் பின்பக்கத்தைப் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்து, சாம்பல் கோட்டுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார்.

"சொத்தை இல்ல" என்றார். "முடி."

ஒரு பிரஷ் முடி, பன்றிமுடி, வெளிர் வெள்ளை நிறம். சாம்பல் கோட்டுக்குக் குறுக்கே, கண்ணாடிக்கும் சுவருக்கும் பாலம் போட்டதுபோல் படுத்திருந்தது. பச்சை அதன் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மாவைக் கேட்டால், அது வரிசையாகப் போவதையும் பார்த்ததாகச் சொல்வார்.

பெயிண்டருக்கு முகம் செத்துவிட்டது. "என் பிரஷ் முடி கொட்டாது."

"இது எந்த பிரஷ்ங்க?" என்றார் மனைவி.

"புதுசு. நேத்துதான் வாங்கினேன்." பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்தார். "உன் ஆபீஸு, உன் மிஷினு. நூறு சுவத்து அழுக்கு பிடிச்ச பிரஷ்ஷையா கொண்டுவர முடியும்?"

புது பிரஷ்ஷில், கட்டுக்குள் சரியாகப் பிடிபடாத முடிகள் சில இருக்கத்தான் செய்யும். முதல் நாலைந்து சுவரில் அவை ஒவ்வொன்றாக உதிரும். அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் புது பிரஷ்ஷைக் கதவின் பின்பக்கம், பரண், யாரும் பார்க்காத சுவர் என்று பழக்கிவிட்டுத்தான் முன்னால் கொண்டுவருவார்கள். எந்தக் கற்றுக்குட்டிக்கும் பெயிண்டர் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. முதல் கோட்டில் ஒரு முடி, அதன் மேல் இழுத்த இரண்டாவது கோட்டில் இன்னொரு முடி. மனைவிக்கு மரியாதை செய்யப்போய் அவர் இரண்டு தடவை மறந்திருந்தார்.

"நீங்க அழுக்கு பிரஷ்ஷோடவே வாங்க" என்றார் மனைவி. "எங்க ஆபீஸ்ல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." முதலாளித் தம்பி அவசரமாகத் தலையாட்டினார்.

டாக்டரம்மா இடுக்கியால் முடியைப் பிடுங்கினார். எல்லாரிடமும் சொல்வதுபோல், வலிக்காது என்று சுவரிடமும் சொன்னார். பெயிண்டர் கீழே போய், பிடி தேய்ந்து முடி பாதியாகிப்போன தன் பழைய அரை அங்குல பிரஷ்ஷை எடுத்துவந்து அந்த ஓர் அங்குலத்தின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தார். டிரையரைப் பிடித்தார்கள். கோடு காய்ந்ததும் திரையின் மூலையில் இரண்டு சதவீதம் நூறு சதவீதமாகி, டிங் என்று ஒரு சத்தம் வந்தது. கட்டம் மறைந்தது.

வெள்ளிக்கிழமை காலை கிளினிக் சுவருக்குப் பத்தாவது தடவை வெள்ளை அடிக்கப்பட்டது. டாக்டரம்மா நான்கு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாவது மணி நேரத்தில், சுவரிலிருந்து கழற்றி வைத்திருந்த கடிகாரத்தை மாட்டச் சொன்னார். அடுத்த வாரம் மூன்று வீட்டுக்காரர்கள் பெயிண்டரைத் தேடி வந்தார்கள். ஒருவர் அந்தப் பச்சையையே கேட்டார். ரோலர் தடம் இல்லாமல் வராது என்று பெயிண்டர் உண்மையைச் சொன்னார். ஏழு பேருடைய பற்கள் பச்சையாகவே இருக்கின்றன. கடிக்கவும் மெல்லவும் குறை ஒன்றும் இல்லை. அவர்களில் ஒருவருக்குப் பிறகு ஒரு பல் விழுந்து செயற்கைப் பல் கட்டியபோது, டாக்டரம்மா மேலே ஆள் அனுப்பி நம்பரை வாங்கி அதே நிறத்தில் கட்டினார். வாத்தியாரின் தாடி வேரிலிருந்து வெள்ளையாக வளர்ந்து வருகிறது, நுனியை மட்டும் அவர் வெட்டவில்லை. வாத்துக் குளம் விளையாட்டில் வெளிவந்து, வாத்துகள் நன்றாக இருப்பதாகப் பலர் எழுதினார்கள்.

ஸ்டுடியோவில் இப்போது எந்தப் படமாக இருந்தாலும், வாளியைத் தொடுவதற்கு முன்னால் ஓரத்தில் ஒரு புள்ளி அகலத்துக்குக் கோடு போடுகிறார்கள். திரையைச் சுற்றியிருக்கும் சாம்பல் கோட்டை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெயிண்டர் வந்து, பழைய பிரஷ்ஷால், ஒரே இழுப்பில் புதுப்பிக்கிறார். பச்சை வெளியே வருவதில்லை.